பதினேழாவது கை

இதை நம்பச் சொல்லி நான் யாரையும் கெஞ்சப்போவதில்லை. நடந்தது. 2005 செப்டம்பர் 17, மாலை 7.10 முதல் இரவு 9.35 வரை. நேரத்தை அப்போதே நோட்டில் குறித்தேன். அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. சிரிக்க விரும்புகிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம். எனக்கு இப்போது பயம்கூட வருவதில்லை. கோபம்தான் வருகிறது.

எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. ஊர் சங்கரன்கோவில். லண்டனைத் தலைமையிடமாகக் கொண்டு இளைஞர்களே நடத்திவந்த ஒரு சமூக மேம்பாட்டு அமைப்பில் தொண்டராகச் சேர்ந்திருந்தேன். குழுவில் பதினாறு பேர். எட்டுப் பேர் பிரிட்டனிலிருந்து வந்தவர்கள், எட்டுப் பேர் நாங்கள். பத்து வாரம் ஒரே வீட்டில் தங்கி, ஊருக்கு ஏதாவது செய்துகொடுத்துவிட்டுப் போக வேண்டும். குழுத் தலைவன் ஆலிவருக்கே இருபத்து நான்கு வயதுதான்.

எங்களை அனுப்பிய இடம் இருங்காட்டுக்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அங்கே காருக்குத் தகடு அடிக்கும் கம்பெனி ஒன்று. அதன் முதலாளி, சுவரை ஒட்டியிருந்த தன் பழைய குடோனை ஊருக்கு இளைஞர் மையமாகத் தானம் கொடுத்திருந்தார். உள்ளே ஒரு கூடம். பின்னால் இரும்பு ஷட்டர் போட்ட சின்ன அறை, ஜன்னல் கிடையாது. கழுவி, பூசி, வெள்ளையடித்துக் கொடுப்பது எங்கள் வேலை. கூலி இல்லை. பிரிட்டன்காரர்கள் விமானக் கட்டணத்தைக்கூடத் தங்கள் ஊரில் நன்கொடை திரட்டிக் கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள்.

முதல் நாள் பின் அறையைக் கழுவினோம். தரையெல்லாம் பழுப்புக் கறை. இரும்புச் சாமான் வைத்த இடம், துரு என்றார் கம்பெனி மேனேஜர். ஆசிட் ஊற்றித் தேய்த்தோம். மூலையில் ஒரு கையுறை கிடந்தது. ஒன்றே ஒன்று, இடது கைக்கானது. குப்பையில் போட்டோம். சுவரில், முழங்கால் உயரத்தில், தனியாக ஒரு கறை. பிரிட்டனிலிருந்து வந்த ஹன்னா அதைப் பார்த்துச் சிரித்தாள்.

"பிரபு, இங்க பாரு. நண்டு!"

நண்டு போலத்தான் இருந்தது. இரண்டு பக்கமும் இரண்டு கொடுக்கு, நடுவில் மொட்டை. ஹன்னா மண்டிபோட்டு உட்கார்ந்து அரை மணி நேரம் பிரஷ்ஷால் தேய்த்து அதை எடுத்தாள். அவள் தேய்க்கிற படம் அமைப்பின் செய்திமடலில் முதல் பக்கத்தில் வந்தது.

குடோனுக்குக் காவல் எல்லப்பன், ஐம்பது வயது. சுற்றியிருந்த நிலத்தில் ஒரு காலத்தில் நெல் போட்டவர். கம்பெனிக்குக் கொடுத்த பிறகு அதே நிலத்தில் வாட்ச்மேன். தினமும் ஏழு மணி ஆனால் எழுந்து ரோட்டோர டீக்கடைக்குப் போய்விடுவார். ஒன்பதரைக்கு முன்னால் திரும்ப மாட்டார்.

"எங்கண்ணே, தினமும் கரெக்டா ஏழு மணிக்குக் கெளம்பிடுறீங்க?"

"உள்ள கொசு பேஜாரா கீது சார்."

"எங்களக் கடிக்கலையே?"

"உங்களுக்கு இன்னா சார், பத்து வாரத்துல ஏரோபிளேன் ஏறிடுவீங்க."

"நான் எங்கண்ணே ஏற? நான் சங்கரன்கோவில் பஸ்தான்."

என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அப்போ உன்னியதான் கடிக்கும் சார்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஏழாவது வாரம் செல்லக்கனி வந்தாள். இருபது வயது. பக்கத்தில் ஒரு ஒயரிங் கம்பெனியில் வேலை, ஆறு பெண்களோடு வாடகை அறையில் வாசம். எங்கள் ஊருக்கு அடுத்த ஊர்க்காரி. பேச்சைக் கேட்டதும் தெரிந்தது. அவள் அண்ணன் மாரிசெல்வம், இந்தத் தகடு கம்பெனியில் கான்ட்ராக்ட்டில் தகடு அழுத்தும் பிரஸ் மெஷின் ஓட்டியவன். மே 14-ஆம் தேதி செகண்ட் ஷிப்ட்டுக்குப் போனான். திரும்பவில்லை. சொல்லாமல் நின்றுவிட்டான் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள்.

"எங்கண்ணன் சொல்லாமப் போற ஆளு இல்லண்ணே. ரூம்ல சட்ட துணியெல்லாம் அப்படியே கெடக்கு. நாங் கேட்டா கேட்லயே நிப்பாட்டிருதாங்க. அந்த வெள்ளைக்காரப் பிள்ள கேட்டா மொதலாளி பதில் சொல்லத்தான செய்வாரு? ஒரு வார்த்தை கேக்கச் சொல்லுங்கண்ணே. உயிரோட இருக்கானா, இல்லையா. அது போதும்."

ஹன்னா கேட்பதாக வாக்குக் கொடுத்தாள்.

செப்டம்பர் 17. மறுநாள் காலை திறப்பு விழா. மாலை ஐந்து மணிக்கு எங்கள் அமைப்பின் வழக்கப்படி எல்லோரும் நீலப் பெயின்ட்டில் கை முக்கிக் கூடத்துச் சுவரில் பதித்தோம். பதினாறு கை. ஆலிவர் எண்ணிப் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டான். இரவு முதலாளி ஹைவே ஓட்டல் ஒன்றில் விருந்து வைத்திருந்தார். ஹன்னா அங்கேதான் கேட்பதாக இருந்தாள். வாடகை நாற்காலிகளும் மைக் செட்டும் வந்து இறங்கியிருந்ததால் ஒருவர் காவல் இருக்க வேண்டும். நான் இருக்கிறேன் என்றேன். பின் அறைச் சாவி என் சட்டைப் பையில் இருந்தது. மாலையில் வாளிகளை உள்ளே வைத்துப் பூட்டியது நான்தான். உள்ளே யாரும் இல்லை. அதை நன்றாகப் பார்த்தேன்.

6.40-க்கு மற்றவர்களோடு வேன் கிளம்பியது. ஏழுக்கு எல்லப்பன் கிளம்பினார்.

7.04. மின்சாரம் போனது. எமர்ஜென்சி விளக்கைப் போட்டேன். சுவருக்கு அந்தப் பக்கம் கம்பெனி ஜெனரேட்டர் உறுமத் தொடங்கியது. பிரஸ் ஓடிக்கொண்டிருந்தது. ஆறு விநாடிக்கு ஒரு அடி. டங்… டங்… பத்து வாரத்தில் அந்தச் சத்தம் காதுக்குப் பழகிப்போயிருந்தது.

7.08. பிரஸ் நின்றது.

ஷிப்ட் நடுவில் அது நின்று நான் கேட்டதே இல்லை.

7.10. தப்.

இரும்பில் உள்ளங்கை படும் சத்தம்.

தப்… தப்… தப்…

பின் அறை ஷட்டர். உள்ளே இருந்து.

எலி என்று நினைத்தேன். எலிக்கு உள்ளங்கை கிடையாது. யாரையாவது உள்ளே வைத்துப் பூட்டிவிட்டேனோ என்று நினைத்தேன். வாளிகளையும் பிரஷ்களையும் வைத்தது நினைவிருக்கிறது. வேறு எதுவும் இல்லை.

"யாரு?"

நின்றது. பத்து விநாடி. மறுபடியும் தொடங்கியது.

7.25. விளக்கை எடுத்துக்கொண்டு ஷட்டர் அருகே போனேன். ஒவ்வொரு அடிக்கும் தகடு மெல்ல அதிர்ந்தது. கண்ணால் பார்த்தேன். அடி விழுந்த இடம் மேலே இல்லை. கீழே… என் முழங்கால் உயரத்தில். எண்ணெய் வாடை. அதோடு, கையில் ரொம்ப நேரம் பிடித்திருந்த காசின் வாடை.

சாவியைக் கையில் எடுத்தேன்.

அப்போது குரல் வந்தது.

"அண்ணே…"

எங்கள் ஊர்ப் பேச்சு.

"அண்ணே… தொறங்கண்ணே…"

சாவி கையில் இருந்தது. பூட்டு ஒரு அடி தூரத்தில். நான் பின்னால் நகர்ந்தேன்.

7.50. தப்… தப்…

8.15. தட்டுவதற்கு நடுவே இடைவெளி கூடியது. குரல் தணிந்தது. "தண்ணி…" என்றது.

8.40. கூடத்துக்குள் உட்கார முடியவில்லை. வாசலுக்குப் போய் ஷட்டருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். தூரத்தில் டீக்கடை விளக்கு தெரிந்தது. பெஞ்சில் எல்லப்பன். கூப்பிட்டேன். குடோன் பக்கம் அவர் திரும்பவில்லை.

நான் ஓடவும் இல்லை. திறக்கவும் இல்லை.

9.10. தப்…

9.22. தப்…

9.35.

அதற்குப் பிறகு இல்லை.

9.41. பிரஸ் ஓடத் தொடங்கியது. டங்…

9.50-க்கு வேன் வந்தது. முதலில் குதித்து இறங்கியவள் ஹன்னா. எங்களிடமும் எல்லப்பனிடமும் பொறுக்கிய தமிழில், "இன்னா பிரபு, பேய் பாத்தியா?" என்றாள். வேடிக்கையாகச் சொன்னதுதான். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினாள். நான் சாவியை நீட்டினேன். அவளே போய்த் திறந்தாள். வாளி. பிரஷ். வேறு எதுவும் இல்லை.

"கேட்டியா?" என்றேன்.

"கேட்டேன். சிரிச்சார். அந்த மாதிரி பசங்க வருவாங்க, போவாங்க, திருப்பூர்ல இருப்பான்னு சொன்னார். அப்புறம் எனக்கு ஐஸ்கிரீம் வெச்சார்."

அப்போது அவள் டார்ச் வெளிச்சம் கூடத்துச் சுவரில் விழுந்தது.

பதினேழு கை.

பதினேழாவது, மற்றவற்றுக்கு வெகு கீழே, முழங்கால் உயரத்தில், ஷட்டருக்குப் பக்கத்தில். நீலப் பெயின்ட். ஈரம். வலது கை. கட்டைவிரல் இருந்தது, சுண்டுவிரல் இருந்தது. நடு மூன்றும் இல்லை.

ஹன்னா அதன் முன்னால் மண்டிபோட்டாள். இரண்டு மாதத்துக்கு முன் மண்டிபோட்ட அதே மாதிரி.

"நண்டு" என்றாள். பிறகு அவள் அழத் தொடங்கினாள்.

மறுநாள் காலை ஒன்பதரைக்கு விழா பார்க்க வந்த கூட்டத்தோடு செல்லக்கனியும் வந்தாள். அந்தக் கையைப் பற்றி நானோ ஹன்னாவோ அவளிடம் சொல்லியிருக்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டே வந்தவள் அந்தக் கைக்கு எதிரே உட்கார்ந்துவிட்டாள். சுண்டுவிரல் நுனி வெளிப்பக்கமாக வளைந்திருந்தது. முந்தைய இரவு நாங்கள் அதைக் கவனிக்கவில்லை.

"இது எங்கண்ணன் கை. சின்னதுல சைக்கிள் செயின்ல மாட்டுச்சு. நாந்தான் பெடலச் சுத்திட்டேன்." தன் கையை அதன் மேல் வைத்தாள். "மத்த வெரல் எங்கண்ணே?"



10.10-க்கு மேனேஜர் வந்தார். பார்த்தார். வெள்ளைப் பெயின்ட்டும் ரோலரும் கேட்டார். ஊர்ப் பொடியன் யாரோ விளையாடியிருக்கிறான், விருந்தினர் வருகிற நேரம், பதினாறு பெயர் எழுதிய பலகைக்குப் பக்கத்தில் பதினேழு கை நன்றாக இருக்காது என்று ஆலிவரும் சொன்னான். அவன் கெட்டவன் அல்லன். பத்து வாரத்தில் முடிக்க வேண்டியதை முடித்துவிட்டு விமானம் ஏற வேண்டியவன். செல்லக்கனியை இரண்டு செக்யூரிட்டிகள் வெளியே கூட்டிப்போனார்கள். 10.20-க்கு அந்த இடம் வெள்ளையாக இருந்தது. 10.30-க்கு ரிப்பன் வெட்டினார்கள். முதலாளி எங்களுக்குப் பொன்னாடை போர்த்தினார். எனக்கும் போர்த்தினார். நான் குனிந்து வாங்கிக்கொண்டேன்.

அந்தச் சாட்சியை இரண்டு முறை அழித்திருக்கிறோம். முதல் முறை நாங்களே, சிரித்துக்கொண்டு, ஆசிட் ஊற்றி.

2007-இல் நான் பத்திரிகை வேலையில் இருந்தேன். சேரப்பணஞ்சேரி பக்கம் நிலம் எடுப்பதைப் பற்றி எழுதப் போனபோது எல்லப்பனைப் பார்த்தேன். கம்பெனி அவரை நிறுத்திவிட்டிருந்தது. அந்த இரவைப் பற்றி நான் அவரிடம் ஒரு வார்த்தைகூடச் சொன்னதில்லை. நேரத்தைச் சொன்னதே இல்லை. மாரிசெல்வம் என்ற பெயரை மட்டும் சொன்னேன். கையிலிருந்த டீயைக் கீழே வைத்தார்.

"அன்னிக்கு கஸ்டமர் ஆடிட்டு சார். சாமான் வாங்குற ஃபாரின்காரனுங்க கம்பெனிய செக் பண்ண வந்து உள்ள கீறானுங்க. ஏழு மணி சுமாருக்கு அந்தப் பையன் கை பிரஸ்ல பூடுச்சு. கேட்டாண்ட ஆம்புலன்ஸ் வந்தா அவனுங்க பாத்துடுவானுங்கன்னு, குடோன்ல வெச்சுப் பூட்டுன்னாங்க. ஆடிட்டு முடிஞ்சதும் வண்டி வரும்னாங்க."

"அப்புறம்?"

"ஏழு பத்துக்குத் தட்ட ஆரம்பிச்சான். 'அண்ணே, தொறங்கண்ணே'ன்னுட்டு. ஒம்போது முப்பத்தஞ்சுக்கு நின்னுச்சு. அவனுங்க சாப்ட்டுட்டுக் கெளம்பினாங்க. வண்டி ஒம்போது அம்பதுக்கு வந்துது. ஏத்தினு போனாங்க. எங்கன்னு தெரியாது சார். சத்தியமா தெரியாது."

"சாவி யார்கிட்ட இருந்துச்சு?"

அவர் தன் சட்டைப் பையைத் தொட்டார். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

அவர் எதிலும் கையெழுத்துப் போடச் சம்மதிக்கவில்லை. காவல் நிலையத்தில் நான் எழுதிக் கொடுத்ததை வாங்கி வைத்துக்கொண்டார்கள். கோப்பில் மாரிசெல்வம் இன்றும் 'காணவில்லை'தான்.

செல்லக்கனியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டதை, வாடையை, நேரத்தை, எல்லப்பன் சொன்னதை. அவள் அறை வாசலில் நின்றபடி கேட்டாள். அழவில்லை.  பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அவன் கூப்பிட்டப்போ, ஒங்ககிட்டயும் சாவி இருந்துச்சாண்ணே?"