அண்ணன் நிற்கும் உயரம்

அப்பாவின் அடக்கத்தைத் துபாயிலிருந்த அண்ணனுக்காகப் படம்பிடிக்க, மார்த்தாண்டத்திலிருந்து கேமராக்காரர் வந்திருந்தார். ஒல்லியான மனிதர், வெளுத்துப்போன கறுப்புச் சட்டை. கைப்பிடி, விளக்கு, மைக் என்று கேமராவில் மாட்டிய ஒவ்வொன்றையும் இழுத்து இழுத்துப் பார்த்தார். அந்த நேரத்தில் எனக்கு எரிச்சலாக இருந்தது.

“தங்கச்சி, அண்ணன் என்ன பொக்கம் இருப்பாவ?”

“ஒங்களவிட நாலு விரல் உயரம் கூடுதல் காணும். எதுக்கு?”

“அவிய நிண்ணு பாக்குத மாதிரி இருக்கணும்லா” என்று ஸ்டாண்டின் கால்களை நீட்டினார்.

எல்லோரும் கடைசி முத்தம் கொடுத்து முடித்ததும், மாட்டியவற்றையெல்லாம் கழற்றிவிட்டு, வெறும் கேமராவை அப்பாவின் நெற்றிக்கு வெகு அருகே தாழ்த்திப் பிடித்தார்.

அடுத்த விடுமுறையில் அண்ணன் அதைப் பார்த்தான். அப்பாவின் நெற்றி திரையை நிறைத்ததும் எழுந்துபோய் டிவியின் முன்னால் குனிந்தான்.

அந்தக் கேமராக்காரர் யாருடைய அடக்கத்துக்குப் போக முடியாமல் போனவரோ.