பழைய மீன் ஆலைக்கு மேலே

வெர்னா துலிக்குக்கு மறக்கத் தெரியாது. சின்ன வயதில் தன் நாய்க்குட்டியை எட்டி உதைத்தவனோடு நாற்பது வயதிலும் பேசாதவள் அவள். அலாஸ்காவின் மேற்கே, சாலையே இல்லாத அந்த ஆற்றங்கரை ஊரின் விமானக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் அப்படிப்பட்டவளை மைக்கோடு உட்கார வைத்திருந்தார்கள்.

கோபுரத்தில் ரேடார் கிடையாது. விமானி எங்கே இருப்பதாகச் சொல்கிறானோ, அங்கேதான் இருக்கிறான். மூடுபனி இறங்கிவிட்டால் ஒரு நேரத்தில் ஒரு விமானம்தான் உள்ளே வரலாம். கிட்டத்தில் இருப்பவருக்கு முதல் இடம், மற்றவர் வெளியே வட்டமடிக்க வேண்டும். அதனால் தூரத்தைக் கொஞ்சம் குறைத்துச் சொல்வது அங்கே பாதிப் பேருக்குப் பழக்கம். அதைப் பொய் என்றே யாரும் நினைப்பதில்லை.

அவள் தம்பி நிக்கியும் விமானிதான், ஆனால் அவனுக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. ஆறு வருஷத்துக்கு முன், செப்டம்பர் கடைசியில், ஊரை நெருங்கிவிட்ட அவனை முந்திக்கொண்டு, தான் ஊருக்கு இன்னும் கிட்டே உள்ள பழைய மீன் ஆலைக்கு மேலே வந்துவிட்டதாகச் சொன்னான் இன்னொரு விமானி டுவெயின் ஹாலிஸ். நிக்கி வழிவிட்டு வட்டமடித்தான். சிறகில் பனிக்கட்டி ஏறி ஆற்றில் விழுந்து செத்தான். டுவெயின் பத்திரமாக இறங்கிக் காபி குடித்தான்.

அந்த நேரத்தில் வெர்னா மீன் ஆலைக்குப் பக்கத்திலேயே, சித்தியின் மீன்பிடி முகாமில், புகையில் உலர்த்திய மீனை மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். தலைக்கு மேலே எந்த விமானமும் போகவில்லை. விசாரிக்க வந்தவர்களிடம் சொன்னாள். மூடுபனியில் உனக்கெப்படித் தெரியும் என்றார்கள். காதையுமா பனி மூடும்? அதன்பிறகுதான் கோபுர வேலைக்குப் படித்தாள். எதற்காகப் படித்தாள் என்பது டுவெயினுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவளிடம் மட்டும் தேனொழுகப் பேசுவான்.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு. இவன் புளுகு ஆறு வருஷம் ஓடி, இன்னொரு செப்டம்பர் மூடுபனியில் மாட்டியது. ஃபேனி என்ற பெண் விமானி ஊருக்குக் கிட்டே வந்துவிட்டதாகச் சொன்னாள். உடனே டுவெயினின் குரல் வந்தது.

"வெர்னாம்மா, நான் மீன் ஆலை மேல இருக்கேன். ரெக்கையில பனி ஏறுது. என்னை மொதல்ல விடு."

வீட்டுக்கு வீடு பேசிக்கொள்ளும் ரேடியோ ஒன்றும் அவள் மேசையில் இருந்தது. அதில் மீன்பிடி முகாமில் இருந்த சித்தியைக் கூப்பிட்டு, விமானச் சத்தம் கேட்கிறதா என்று கேட்டு, பதில் எல்லா விமானிகளுக்கும் கேட்கும்படி மைக்கைப் பக்கத்தில் பிடித்தாள்.

"என் தலைக்கு மேல ஈ காக்காகூடப் பறக்கலடி," என்றாள் சித்தி.

வெர்னா ஃபேனியை உள்ளே விட்டாள். விதிப்படி அதுதான் சரி. ஆனால் விதியை நினைத்து அவள் அதைச் செய்யவில்லை. ஃபேனி இறங்கிய பிறகும் டுவெயினை விடவில்லை.

"இப்ப சொல்லு. எங்க இருக்கே?"

"மலைக்கு அந்தாண்டை. பொய் சொல்லிட்டேன்."

"நிக்கி செத்த அன்னைக்கு?"

"அன்னைக்கும்."

இவனை இப்படியே விட்டுவிட்டால் என்ன என்று அவளுக்குத் தோன்றத்தான் செய்தது. பிறகு வரச் சொன்னாள்.

அதற்கப்புறம் அவன் விமானத்தில் ஏற ஆளில்லை. அவன் இடம் சொல்லும்போதெல்லாம் யாராவது ஒரு விமானி "நெசமாவா?" என்று கேட்பான். கோடை வருவதற்குள் டுவெயின் மூட்டை கட்டிவிட்டான். போகிற அன்றும் மூடுபனி. ஃபேனியின் விமானத்தில் பயணியாக உட்கார்ந்திருந்தான். புறப்பட அனுமதி கேட்ட ஃபேனியிடம், மீன் ஆலைக்கு மேலே ஒரு விமானம் வந்துகொண்டிருக்கிறது, பொறு என்றாள் வெர்னா. ஃபேனி மறுபேச்சில்லாமல் இன்ஜினை அணைத்தாள்.

வெர்னா காபி ஊற்றிக்கொண்டாள். மீன் ஆலைக்கு மேலே எந்த விமானமும் இல்லை. அது டுவெயினுக்கும் தெரியும். கோப்பை காலியாகும்வரை அவனை அந்தக் குளிரில் உட்கார வைத்தாள்.