அம்புக்குறியை வரைந்தவன் நான்தான்

"உங்க ஃபேன் வேலை செய்யுதா, இல்ல சும்மா மூச்சு விட்டுக்கிட்டு இருக்கா?"

கார்டன் ரீச் பக்கம் இருந்த ஒரு கம்பித் தொழிற்சாலையின் மேனேஜர் கோஷ்பாபு, ஒரு திங்கட்கிழமை காலையில் எங்கள் ஆபீசுக்கு ஃபோன் செய்து இந்தியில் கேட்ட கேள்வி இது. தொண்ணூறுகளின் தொடக்கம். வங்காளத்தில், பெஹாலாவில் இண்டஸ்ட்ரியல் ஃபேன் செய்யும் ஒரு சின்ன கம்பெனியில் நான் செலக்‌ஷன் இன்ஜினீயர். எந்த இடத்துக்கு எந்த ஃபேன் என்று கணக்குப் போட்டுத் தேர்ந்தெடுப்பது என் வேலை. சேர்ந்து பதினோரு மாதம் ஆகியிருந்தது. ஃபேனைப் பற்றி எனக்குத் தெரியாதது இனி எதுவும் இல்லை என்ற முடிவுக்கு வர அது போதுமானதாக இருந்தது.

அந்தத் தொழிற்சாலையில் கம்பிச் சுருள்களை ஆசிட் தொட்டியில் முக்கித் துரு எடுப்பார்கள். தொட்டியிலிருந்து கிளம்பும் புகையை ஹூட் வைத்து இழுத்து, டக்ட் வழியாகக் கூரைக்கு மேலே அனுப்ப வேண்டும். பழைய ஃபேனை ஆசிட் தின்றுவிட்டது. ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் வந்து மூக்கைப் பொத்திக்கொண்டு பார்த்தார். அடுத்த மாதக் கடைசி வெள்ளிக்கிழமை வருவேன், அப்போதும் புகை இப்படியே இருந்தால் இந்தப் பிரிவை மூடிவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அங்கே பதினெட்டுப் பேர் வேலை பார்த்தார்கள். அவர்களுக்கு சர்தார், அதாவது மேஸ்திரி, மண்டல்தா; 'தா', 'தாதா' என்றால் வங்காளியில் அண்ணன். ஐம்பது வயதிருக்கும். பேசுவதைவிட இருமுவது அதிகம்.

புது ஃபேனைத் தேர்ந்தெடுத்தது நான். தொட்டியின் பரப்பு, ஹூட்டின் வாய், டக்டின் நீளம், வழியில் டக்ட் வளையும் நான்கு பெண்டுகள் எல்லாவற்றையும் சேர்த்து, எத்தனை சி.எஃப்.எம். காற்று, எவ்வளவு ஸ்டாடிக் பிரஷர் என்று கர்வ் ஷீட்டில் புள்ளி வைத்தேன். உள்ளே ரப்பர் லைனிங், பின்பக்கம் சாய்ந்த பிளேடு, பெல்ட் டிரைவ். இன்றைக்குக் கேட்டாலும் அதே சென்ட்ரிஃபியூகல் ஃபேனைத்தான் சொல்வேன். செலக்‌ஷனில் ஒரு குறையும் இல்லை. கோளாறு பெயிண்டில்.

எங்கள் ஷாப்பில் டெஸ்ட் ரன் முடிந்ததும், ஃபேன் எந்தத் திசையில் சுற்ற வேண்டும் என்று கேசிங்கின் மேல் சிவப்பு அம்பு வரைவது வழக்கம். சைட்டில் எலக்ட்ரீஷியன் அதைப் பார்த்துத்தான் கனெக்‌ஷன் கொடுப்பார். அன்று பெயிண்டர் வரவில்லை. லாரி வாசலில் நின்றது. பிரஷைக் கொடு என்று நானே வாங்கிக்கொண்டேன். ஆர்டர் ஷீட்டில் 'சி.டபிள்யூ.' என்று இருந்தது, அதாவது கிளாக்வைஸ். சின்ன வயதிலிருந்து கோயில் சுற்றி வளர்ந்தவனுக்கு அது பிரதட்சிணம், வேறென்ன? நின்ற இடத்திலேயே வலமாக ஒரு அம்பு வரைந்தேன். அழகாகவே வந்தது. வால் பக்கம் ஒரு நெளிவுகூடக் கொடுத்தேன்.

கெடுவுக்கு நான்கு நாள் இருந்த அந்தத் திங்கட்கிழமை நான் போனபோது, தொட்டியின் மேல் புகை சோம்பல் முறித்துக்கொண்டு எழுந்து, ஹூட்டின் விளிம்பைத் தொட்டுவிட்டு ஆட்களின் முகத்துக்கே திரும்பி வந்துகொண்டிருந்தது. கூரைக்கு ஏறி டக்டின் வாயில் கைக்குட்டையைப் பிடித்தேன். படபடத்தது. காற்று வெளியே வருகிறது, ஆகவே ஃபேன் சரி என்று இறங்கினேன்.

கீழே மண்டல்தா காத்திருந்தார். "பாபு, பாக்கா உல்டோ கூர்ச்சே" என்றார். ஃபேன் தலைகீழாகச் சுற்றுகிறதாம்.

நான் சிரித்தேன். இப்போது எழுதக் கூசுகிறது, ஆனால் சிரித்தேன். எனக்குத் தெரிந்த வங்காளியில் பாடமே எடுத்தேன். "உல்டாவா ஓடினா காத்தை உள்ளே இழுக்கும், தாதா. மேலே போய்ப் பாருங்க, வெளியேதான் தள்ளுது. அம்புக்குறியும் சரியா இருக்கு."

சுவரில் மாட்டும் எக்ஸாஸ்ட் ஃபேனுக்கு நான் சொன்னது சரி. சென்ட்ரிஃபியூகல் ஃபேன் அப்படியில்லை; நடுவில் வாங்கிய காற்றைச் சுழற்றி விளிம்பு வழியாக வீசுவது அது. எந்தப் பக்கம் சுற்றினாலும் காற்று அதே வாய் வழியாகத்தான் வெளியே வரும். தலைகீழாகச் சுற்றினால் வர வேண்டியதில் பாதிகூட வராது, அவ்வளவுதான். இதைக் கல்லூரியில் படித்திருந்தேன். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருந்தேன்.

மண்டல்தா ஒரு முறை இருமிவிட்டு, "நீங்க இன்ஜினீயர்" என்று சொல்லி வேலைக்குத் திரும்பிவிட்டார். அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை டக்டைக் குற்றவாளி ஆக்கினேன். நான்கு பெண்டுகளையும் கழற்றச் சொன்னேன். ஒன்றில் ஒரு கிழிந்த சாக்கு கிடைத்தது. புதையல் எடுத்தவன் போல அதைத் தூக்கிக்கொண்டு போய் கோஷ்பாபுவின் மேஜையில் வைத்தேன். மாட்டி ஓட்டினால் புகை அப்படியே இருந்தது. புதன்கிழமை வேகத்தைக் கூட்டலாம் என்று புல்லியை மாற்றினேன். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓவர்லோடில் மோட்டார் நின்றது. அது நின்ற ஒவ்வொரு தடவையும் புகை முழுதாக உள்ளேயே தங்கியது. ஆட்கள் முறை போட்டு வெளியே போய் மூச்சு வாங்கிவிட்டு வந்தார்கள்.

வியாழக்கிழமை, பெரிய மோட்டார் போட அனுமதி கேட்டு டைம் ஆபீஸ் ஃபோனிலிருந்து என் மேலதிகாரி வரதன் சாரைக் கூப்பிட்டேன். கோபத்தைக் குரலில் காட்டாத மனிதர். அதனாலேயே எங்களுக்கு அவரிடம் பயம் அதிகம்.

"ஆம்பியர் ஜாஸ்தி எடுக்கறது, காத்து மட்டும் வரலையா? ரொடேஷன் பார்த்தியோ?"

"அம்பு பிரகாரம்தான் ஓடறது சார்."

"பெயிண்டர் அன்னிக்கு லீவுன்னா. அம்பு யார் போட்டா?"

"நான்தான் சார்."

"எந்தப் பக்கம் நின்னுண்டு போட்டே?"

"காத்து உள்ளே போற பக்கம் சார்."

 

"மோட்டார் பக்கம் நின்னு பார்த்தாத்தாண்டா அது கிளாக்வைஸ். நீ அப்பிரதட்சிணமான்னா போட்டு அனுப்பியிருக்கே!"

எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, பழைய புல்லியை மாட்டி, மோட்டார் மறுபக்கம் சுற்ற மூன்று ஒயர்களில் இரண்டை மாற்றிப் போடச் சொன்னேன். ஒயர் மாற்ற இரண்டு நிமிடம் ஆனது. சுவிட்சைப் போட்டதும், தொட்டியின் மேல் கிடந்த புகை அப்படியே வளைந்து ஹூட்டுக்குள் போனது. எதிர்ச் சுவர் தெரிந்தது. அங்கே ஒரு காலண்டர் மாட்டியிருந்ததை அன்றுதான் பார்த்தேன்.

அப்போதே நடந்ததைச் சொல்லியிருக்க வேண்டும். நான் மெயின்டனன்ஸிலிருந்து ஒரு டப்பா சாம்பல் நிறப் பெயிண்ட் வாங்கிக்கொண்டு, ஏணி வைத்து ஏறி, அம்புக்குறியை அழிக்க ஆரம்பித்தேன். முனையை மூடியாகிவிட்டது. நெளிவுள்ள வாலுக்கு வந்தபோது கோஷ்பாபு உள்ளே நுழைந்தார். நேரே எலக்ட்ரீஷியனிடம் போனார்.

"உல்டா கனெக்‌ஷனா? நாலு நாளா அந்த மெட்ராஸ்காரரை அலைய வச்சது நீதானா?"

 எலக்ட்ரீஷியன் மெதுவாகக் கையைத் தூக்கி ஃபேனைக் காட்டினார். எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். ஏணியின் மேல், கையில் பிரஷுடன், பாதி அம்புக்குறிக்குப் பக்கத்தில் நான்.

"அது நான் போட்டது. தப்பாப் போட்டுட்டேன்" என்றேன். இதை நேர்மை என்று யாரும் நினைக்க வேண்டாம். ஏணியிலிருந்து எங்கே ஓட முடியும்?

"முதல்ல இறங்குங்க" என்றார் கோஷ்பாபு.

வெள்ளிக்கிழமை இன்ஸ்பெக்டர் வந்தார், மூக்கைப் பொத்தாமல் சுற்றிப் பார்த்தார், கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். பிரிவு மூடப்படவில்லை. நான் மண்டல்தாவிடம் போனேன். பேச்செல்லாம் வங்காளியில்தான்.

"திங்கட்கிழமையே சொன்னீங்களே தாதா. எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"பழைய ஃபேன் அந்தப் பக்கம் சுத்தாது. பன்னெண்டு வருஷம் அதைப் பார்த்துக்கிட்டேதான் நின்னேன்."

"அப்ப ஏன் மறுபடியும் சொல்லல?"

அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். "நீங்கதான் அவ்வளவு நல்லா விளக்கிச் சொன்னீங்களே, பாபு."

அதில் கேலி இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். என் விளக்கத்தை உண்மையிலேயே நம்பி, அந்த மனிதர் நான்கு நாள் ஆசிட் புகையைக் குடித்திருக்கிறார். வெட்கமாக இருந்தது. இன்றும் இருக்கிறது.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு என்னிடம் உள்ளது இவ்வளவுதான். ஃபேன் உல்டாவாகச் சுற்றுகிறது என்று யார் சொன்னாலும், முதலில் இரண்டு ஒயரை மாற்றிப் போட்டுப் பாருங்கள். விளக்கம் சொல்வதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். நம்புகிறவர்கள் புகைக்குள் நிற்கிறார்கள்.