மீனுக்கு அம்மை போட்ட ஆனி

பல்வலியோடு ஒரு கிளினிக்கில் உட்கார்ந்திருந்தேன். மின்விசிறியின் கடகடப்புக்கு அடியில் இன்னொரு சத்தம். குளுகுளுவென்று, மூச்சு வாங்காமல், பேச்சை நிறுத்தத் தெரியாத குழந்தை மாதிரி. மூலையில் மீன்தொட்டி, அதன் காற்று மோட்டார். திரும்பியிருக்கக் கூடாது, திரும்பினேன். ஆரஞ்சு நிறத் தங்கமீன் ஒன்று அடியில் கிடந்த கூழாங்கல்லில் விலாவைத் தேய்த்துத் தேய்த்துப் போனது. உடம்பெங்கும் வெள்ளைப் புள்ளி, ரவையை அள்ளித் தூவியதுபோல.

"இந்த மீனுக்கு உடம்பு சரியில்லம்மா," என்றேன், டோக்கன் கொடுக்கும் பெண்ணிடம்.

"டாக்டர் வந்துடுவாரு மேடம், உக்காருங்க."

பல்வலி போய்விட்டது. கோபம் வந்துவிட்டது. அந்தப் பெண்மேல் வந்த கோபமல்ல. நாலாம் வகுப்பு முடித்த வயதில் வந்தது. இத்தனை வருஷமாகியும் ஆறாமல், சூடாக, அப்படியே இருக்கிறது.

கடலூரில் அப்போது எங்கள் வீட்டுக் கூடத்தில் இருந்த தொட்டி என்னுடையது. அதிலிருந்த இரண்டு ஆரஞ்சு மீன்களும் என்னுடையவை. நான் கண்ணாடியில் விரலை வைத்தால் வாயைத் திறந்துகொண்டு விரலிடம் வரும். வீட்டில் என்னைப் பார்த்ததும் ஓடி வந்தவர்கள் அவர்கள் இருவர்தாம்.

அக்கா விலங்கியல் கடைசி வருஷப் பரீட்சை எழுதி முடித்திருந்தாள். மேலே படிக்கச் சிதம்பரத்துக்கு விண்ணப்பம் போட்டிருந்தாள். அதைப் பற்றி யாரும் பேசவில்லை. பேசியதெல்லாம் அண்ணாகிராமத்து மாப்பிள்ளையைப் பற்றி, அவர்களுடைய முந்திரித் தோப்பைப் பற்றி. எதிர்வீட்டு அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, கொண்டுவந்த சம்பந்தம். பெண் படித்தவரைக்கும் போதும் என்று சொல்லியனுப்பியிருந்தார்கள். ஆடி பிறந்துவிட்டால் பெண் பார்க்க ஆகாது. ஆகவே ஆனியின் கடைசி ஞாயிறு.

வருகிறவர்கள் முதலில் பார்க்கப்போவது கூடத்தை. கறுப்பு மீன் ஒன்று இருந்தால் திருஷ்டி கழியும் என்று யாரோ அப்பாவிடம் சொல்ல, சிதம்பரம் போனவர் முட்டைக்கண் வைத்த கறுப்பன் ஒருவனைப் பாலித்தீன் பையில் வாங்கி வந்தார். புள்ளி கிள்ளி வந்தால் விடச் சொல்லி, கடைக்காரர் நீல மருந்து பாட்டில் ஒன்றும் கொடுத்திருந்தார். தான் விற்கிற மீனைப் பற்றி அவருக்கு இருந்த நம்பிக்கை அவ்வளவு! பையை அவிழ்த்து அப்பா அப்படியே தொட்டிக்குள் கவிழ்த்தார். திருஷ்டி கழிக்க வந்தவன் திருஷ்டியைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தான்.

சில நாளில் மூன்றுக்கும் வெள்ளைப் புள்ளி. நான் அலறிக்கொண்டு அக்காவிடம் ஓடினேன். அவள் வந்து, கண்ணாடியில் மூச்சு படியும் அளவுக்குக் குனிந்து, வெகுநேரம் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, அம்மாவோடு பேசிக்கொண்டிருந்த அத்தையிடம் போய்ச் சொன்னாள்.

"அத்தே, மீனுக்கு அம்மை போட்டிருக்குது போல."

அத்தை தொட்டியைப் பார்த்தாள். கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"என்னாக்கா இது, மீனுக்குப் போயி அம்மையாமே?" என்று அப்பா சிரித்தார்.

"கோழிக்கு வரலியா? மாட்டுக்கு வரலியா? ஆத்தாளுக்கு மீனு ஆகாதுன்னு நீ எழுதிக் குடுத்தியா?"

அவ்வளவுதான். நிலையில் வேப்பிலை ஏறியது. தாளிப்பது நின்றது. குளிர்ச்சி வேண்டுமென்று அத்தை ஐஸ் கட்டி வாங்கிவந்து தொட்டியில் போட்டாள். அந்தப் புள்ளி ஒவ்வொன்றும் தோலுக்கடியில் உட்கார்ந்து மீனைத் தின்கிற ஒட்டுண்ணி. குளிரில் அது சாவகாசமாகத் தின்னும்! மருந்து மட்டும் கூடாது. வீட்டுக்கு வந்திருக்கிற தாய்க்கு மருந்து காட்டுவார்களா? நீல பாட்டில் பீரோ உச்சிக்குப் போனது.

"நீ படிக்கிறது இதத்தானக்கா? சொல்லேன் அவுங்களுக்கு!" என்று நான் கத்தினேன்.

"படிச்சிட்டா சாமி இல்லன்னு ஆயிடுமாடி?" என்றாள். முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை.

வீட்டில் அம்மை என்று அத்தையே அண்ணாகிராமத்துக்குப் போன் பண்ணினாள். யாருக்கு என்று அவர்கள் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. ஆடி கழிந்து பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று.

"எல்லாஞ் சரிக்கா. அம்மை எறங்கினா தலைக்குத் தண்ணி ஊத்தணுமே, அது தண்ணியிலதான கெடக்குது?" என்றார் அப்பா. அத்தை அவரை ஒரு பார்வை பார்த்தாள். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

மீன்கள் மேலே வந்து காற்றுக்கு வாயைப் பிளந்தன. நான் விரலை வைத்தேன், வரவில்லை. முக்காலிமேல் ஏறி பாட்டிலை எடுத்தேவிட்டேன். பின்னாலிருந்து ஒரு கை அதைப் பிடுங்கியது. அத்தையின் கை என்றால்கூடப் பொறுத்திருப்பேன். அக்கா.

"வேணாம்டி. ஞாயித்துக்கெழம போவட்டும்."

கெஞ்சுவதுபோலத்தான் சொன்னாள். யார் யாரைக் கெஞ்சுவது? மூச்சு முட்டியது என் மீன்களுக்கு. அவள் கையைக் கடித்தேன். அப்போதும் பாட்டிலை விடவில்லை.

ஞாயிறு வந்தது, யாரும் வராமல் போனது. திங்கள் காலை, ஆத்தா இறங்கிவிட்டாள் என்று அக்காவே அறிவித்தாள். தண்ணீரை மாற்றினாள். கல்லுப்பைக் கரைத்து ஊற்றினாள். எல்லோர் முன்னாலும் நீல மருந்தைத் தீர்த்தம்போலச் சொட்டினாள். அதற்குள் ஆரஞ்சு ஒன்று மல்லாந்திருந்தது. மற்றது சாயங்காலம். நோயைக் கொண்டுவந்த கறுப்பன் மட்டும் பிழைத்துக்கொண்டு முட்டைக்கண்ணை உருட்டினான். என்ன நியாயம் இது? இன்றைக்கும் கேட்கிறேன்.

ஆவணி பிறந்ததுமே மாப்பிள்ளை வீட்டார் வேறிடத்தில் தட்டு மாற்றிவிட்டார்கள். அத்தை மூன்று வீதிக்குக் கேட்கும்படி அழுதாள். சிதம்பரத்திலிருந்து அக்காவுக்கு இடம் கிடைத்ததாகக் கடிதம் வந்தது. போக வேண்டாமென்று சொல்ல அப்பாவுக்கு வேறு காரணம் அகப்படவில்லை.

நான் அக்காவோடு பேச்சை நிறுத்தியிருந்தேன். பஸ் ஸ்டாண்டுக்கும் என்னை இழுத்துக்கொண்டுதான் போனார்கள். அப்பா தண்ணீர் பாட்டில் வாங்கக் கடைப்பக்கம் போயிருந்தார். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அக்காவின் முகம் அத்தனை வெளிச்சமாக இருந்தது. என் மீன்களைக் கொன்றுவிட்டு ஒருத்தியால் இப்படிச் சிரிக்க முடியுமா என்று எனக்கு வயிறு எரிந்தது. அவள் கையை வெளியே நீட்டி என் தலையைத் தொட்டாள். நான் தட்டிவிட்டேன்.

"புது மீனு வாங்கினா நேரா தொட்டியில விட்டுடாதடி. கொஞ்ச நாளு பக்கெட்டுல தனியா வச்சிப் பாரு. பூச்சி இருந்தா தெரிஞ்சிடும்."

பூச்சியா? சபதத்தை மறந்து வாயைத் திறந்துவிட்டேன்.

"அப்ப அது அம்மை இல்லியா?"

பஸ் நகர்ந்தது. அக்கா தலையை வெளியே நீட்டி, முந்தானையை ஒரு கையால் அழுத்திக்கொண்டு, இரைச்சலுக்கு மேலே கத்தினாள்.

"அத்தைகிட்ட சொல்லிடாதடி!"