முதலில் கண்டவர்: ஊர்சுற்றி

எக்ஸ்ரே அக்கா என்றால் அந்த ஆஸ்பத்திரியில் தெரியாதவர் கிடையாது. இருபத்திரண்டு வருஷமாக ஒரே அறை. "மூச்சை இழுத்துப் பிடிங்க... விடுங்க" என்று நாளுக்கு நூறு பேரிடமாவது சொல்வாள். கதிர் படாமல் தடுக்கும் காரீய அங்கி கிழிந்துவிட்டது, புதிது வேண்டும் என்று மூன்று மாதம் எழுதிக் கொடுத்தாள். நாலாவது மாதம் அறையைப் பூட்டிச் சாவியோடு வாசலில் உட்கார்ந்தாள். மறுநாளே அங்கி வந்தது.

அவளுடைய தம்பி வெளியூரில் கண்ணாடித் தொழிற்சாலையில் கிரேன் ஓட்டினான். வேலை முடிந்தால் கம்ப்யூட்டரில் விண்வெளி விளையாட்டு. அதில் சண்டை கிடையாது, பரிசும் கிடையாது. ஒற்றை ஆளாகக் கப்பலில் ஏறி, நட்சத்திரம் நட்சத்திரமாகத் தாவிப் போக வேண்டியதுதான். யாரும் எட்டாத நட்சத்திரத்தை எட்டினால் ஒரு மணி அடிக்கும். 'முதலில் கண்டவர்' என்று பேரும் தேதியும் பதிவாகும். அதை அங்கே போகிறவர்கள் மட்டுமே படிக்க முடியும். அவன் தனக்கு வைத்துக்கொண்ட பேர் ஊர்சுற்றி. சின்ன வயதில் அக்கா திட்டிய திட்டு அது.

"எங்கடா இருக்க?" என்று போனில் கேட்பாள்.

"நம்ம சூரியனே கண்ணுக்குத் தெரியாதுக்கா, அவ்ளோ தூரம்."

"தூங்குற வழியப் பாரு, கழுதை."

ஒரு மாதம் இருபத்தெட்டாம் தேதி காலையில், கிரேன் ஏணியிலிருந்து இறங்கும்போது விழுந்து செத்துப்போனான்.

பிணவறை வாசலில் தொழிற்சாலையின் பாதுகாப்பு அதிகாரி அவளுக்குத் தண்ணீர் கொடுத்தார். "தம்பி சரியா தூங்குவாரா மேடம்?" என்றார். அனுதாபத்தில் சுற்றிக் கொடுத்த கேள்வி.

"எங்க சார் தூங்குறான்? விடிய விடிய அந்தப் பாழாப்போன விளையாட்டுதான்" என்றாள் அழுகைக்கு நடுவே.

அவர் எழுதிக்கொண்டார். கையெழுத்தும் வாங்கிக்கொண்டார். அடுத்த மாதம் அறிக்கை வந்தது: நிர்வாகத்தின்மேல் தவறில்லை, இறந்தவரின் கவனக்குறைவே காரணம், ஆதாரம் சகோதரியின் வாக்குமூலம்.

பேய் பிசாசை அவள் நம்பியதில்லை. உடம்புக்குள் பார்ப்பதே பிழைப்பாக இருப்பவளிடம் எந்த ஆவி வரும்? ஆனால் அந்த வாக்கியம் வந்தது. குழாயைத் திறந்தால் கேட்டது. யாரோ மூச்சைப் பிடித்து நிற்கும் அந்த ரெண்டு நொடி அமைதியிலும் கேட்டது, அவளுடைய குரலிலேயே. விடிய விடிய. நீ பார்த்தாயா? படம் எடுக்காத எலும்பை முறிந்தது என்று எழுதிக் கொடுப்பாயா?

அவனுடைய கணக்கைத் திறக்கக் கடவுச்சொல் தெரியாது. அவன் கடைசியாக அனுப்பிய படம் ஒன்று இருந்தது. நீல நட்சத்திரம், மூலையில் அதன் எண். கம்ப்யூட்டர் வாங்கினாள், விளையாட்டைக் கற்றுக்கொண்டாள், 'அக்கா' என்று பேர் கொடுத்துக் கிளம்பினாள்.

தினமும் வேலை விட்டு வந்ததும் பயணம். ஐம்பத்திநாலு நாள். முதலில் வழியெங்கும் யார் யாரோ பேர்கள். பிறகு பேர்கள் குறைந்தன. கடைசி மூன்று வாரம் ஒரே பேர்தான்: ஊர்சுற்றி, ஊர்சுற்றி. சுற்றிலும் இருட்டு, என்ஜினின் முனகல், நடுவில் அவன் பேர். ஒவ்வொரு இடத்திலும் அவன் இப்போதுதான் எழுந்து போன மாதிரி இருக்கும். ஒரு நாள் வாய்விட்டே கேட்டுவிட்டாள்: "எங்கடா இருக்க?"

நீல நட்சத்திரத்துக்கு வந்து சேர்ந்தாள். அவன் பேருக்குக் கீழே தேதி: செத்துப்போன அதே மாதம், பன்னிரண்டு.

அங்கிருந்து கப்பல் தாவக்கூடிய தூரத்தில், அவள் இன்னும் பார்க்காதவை பதினொரு நட்சத்திரங்கள். ஒவ்வொன்றுக்கும் போனாள். ஒவ்வொன்றிலும் மணி அடித்தது. 'முதலில் கண்டவர்: அக்கா'. பதினோராவது முறை மணி அடித்தபோது காதைப் பொத்திக்கொண்டாள். நீல நட்சத்திரத்துக்கு அப்பால் அவன் போகவேயில்லை.

ஒருவேளை அதே இடத்தில் சும்மா மிதந்துகொண்டிருந்தானோ? சந்தேகத்தை மிச்சம் வைப்பவள் இல்லை. அவனோடு வேலை பார்த்து, அதே அறையில் தங்கியிருந்த பையனுக்குப் போன் போட்டாள்.

"ஏம்பா, பன்னெண்டாம் தேதிக்கப்புறம் அவன் விளையாடினானா?"

"எங்கக்கா? ரெண்டு பேர் வேலைய விட்டுப் போயிட்டாங்க. அதுலேர்ந்து தினமும் அவனுக்கு டபுள் ஷிஃப்ட். அந்தக் கம்ப்யூட்டர் நாற்காலில நாங்க ஈரத்துணி காயப்போட்டிருந்தோம்."

"எங்கிட்ட விண்வெளியில இருக்கேன்னுதானே சொன்னான்!"

"உண்மையச் சொன்னா ஃபேக்டரி கேட்டுக்கு வந்து சண்டை போடுவீங்கன்னு பயந்தான்."

"நீ ஏன் விசாரணையில சொல்லல?"

"உங்க கையெழுத்தக் காட்டினாங்கக்கா. அக்காவே சொன்னப்புறம் நான் யாரு?"

லீவு போட்டுவிட்டுத் தொழிற்சாலைக்குப் போனாள். பாதுகாப்பு அதிகாரி அவள் கொண்டுபோன நட்சத்திரப் படங்களைப் புரட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"விளையாட்டையா மேடம் ஆதாரம்னு கொண்டு வந்திருக்கீங்க?"

"நீங்க விளையாட்டைத்தானே சார் காரணம்னு எழுதினீங்க? வருகைப் பதிவேட்டை எடுங்க. பன்னெண்டுலேர்ந்து இருபத்தெட்டு வரைக்கும்."

அவர் பதிவேட்டை எடுக்கவில்லை. "அன்னிக்குச் சொன்னது நீங்கதானே?"

"நான்தான். பாக்காததைச் சொன்னேன். அதை அடிச்சுடுங்க."

"அடிக்க முடியாது மேடம். வேணும்னா கீழ சேத்து எழுதலாம். மேலிடத்துக்கு அனுப்பறேன்."

எழுதினாள். தேதிகள், பதினொரு எண்கள், டபுள் ஷிஃப்ட், நகல் தொழிலாளர் அலுவலகத்துக்கு என்று ரெண்டு பக்கம். அந்தப் பையனின் பேரை மட்டும் எழுதவில்லை. அவன் இன்னும் அதே ஏணியில்தான் ஏறி இறங்குகிறான். கையெழுத்துப் போட்டுவிட்டு, பழைய வாக்குமூலம் இருந்த முதல் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள். 'விடிய விடிய' அங்கேயே இருந்தது, அதற்கடியிலும் அவள் கையெழுத்து. ரெண்டும் ஒரே மாதிரி இருந்தன.