தூலாவும் மூன்று புள்ளி ஆறும்

கனடாவின் தண்டர் பே நகரில் தூலா நிஸ்கனனுக்கு இருபத்தொரு வருடமாக ஒரே வேலை, பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுவது. காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டு ஒன்பது மணிக்கு வீட்டுக்கு வந்தால், மறுபடி இரண்டு மணிக்குத்தான் வண்டியை எடுக்க வேண்டும். அந்த இடைவெளியில் மற்ற ஓட்டுநர்கள் தூங்குவார்கள், ஸ்வெட்டர் பின்னுவார்கள், காபிக்கடையில் உட்கார்ந்து மேலதிகாரியைத் திட்டுவார்கள். தூலா கம்ப்யூட்டரைத் திட்டுவாள்.

பாகம் பாகமாக வாங்கி அவளே பூட்டிய கம்ப்யூட்டர் அது. பிராசஸரின் வேகம் 2.4 கிகாஹெர்ட்ஸ் என்று பெட்டியில் போட்டிருந்தது. ஆனால் 2008-ன் அந்தக் குளிர்காலத்தில் இணைய மன்றத்தில் ஆளாளுக்கு அதே பிராசஸரை 3.6-க்கு ஏற்றிவிட்டதாகப் படம் போட்டுக்கொண்டிருந்தார்கள். சும்மா கிடைக்கிற ஒன்றரை மடங்கு வேகம். விடுவாளா?

ஏற்றுவதற்குப் பெரிய சாமர்த்தியம் வேண்டாம். கம்ப்யூட்டர் விழிக்கும்போது பயாஸ் என்ற அடிப்படை அமைப்புத் திரைக்குள் போய் ஒரு எண்ணைக் கூட்டினால் ஆயிற்று. ஏறின வேகத்தில் அது தடுமாறாமல் நிற்க வேண்டுமே, அங்கேதான் உயிர் போனது. அதைச் சோதிப்பதற்கென்றே ஒரு நிரல் உண்டு. பிராசஸருக்கு ஓயாமல் கணக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கும். பன்னிரண்டு மணி நேரம் ஒரு தப்பும் இல்லாமல் போட்டால் தேறியது என்று அர்த்தம்.

தூலாவின் கம்ப்யூட்டர் தேறவில்லை. முதல் நாள் நாற்பது நிமிடத்தில் நீலத் திரை காட்டி நின்றுபோனது. வோல்டேஜை ஒரு பொட்டுக் கூட்டினாள், இரண்டு மணி நேரம் தாக்குப்பிடித்தது. இன்னொரு பொட்டு, ஆறு மணி நேரம். காலை ஆறுக்கு ஓடவிட்டுப் போய், ஒன்பதுக்கு வந்து பார்த்து, இரண்டு மணிக்கு மனசே இல்லாமல் கிளம்பி, நாலரைக்குப் பூட்ஸைக் கழற்றாமலேயே உள்ளே ஓடினால், பதினோராவது மணியில் தப்பு. இப்படியே மூன்று வாரம். இதற்கு மேல் வோல்டேஜ் கூட்டினால் பிராசஸர் கொதித்தது.

கடைசியில் கம்ப்யூட்டர் இருந்த அறையின் ஜன்னலைத் திறந்துவிட்டாள். வெளியே ஏரிக்காற்று, மைனஸ் இருபத்தேழு டிகிரி.

"அறிவிருக்கா உனக்கு?" என்று அவள் கணவன் வெர்ன் மேல்கோட்டு போட்டுக்கொண்டே கத்தினான். "தண்ணிக் குழாய் உறைஞ்சு வெடிச்சா உன் கம்ப்யூட்டர் வந்து ஒட்டுமா?"

"கதவுக்கடியில துண்டு வெச்சிருக்கேன்ல. ஒரு நாள் பொறுத்துக்கோயேன்."

"உன்னைக் கட்டின நாள்லேர்ந்து பொறுத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

பன்னிரண்டு மணி நேரம் முடிந்தது. ஒரு தப்பு இல்லை. தூலா மன்றத்தில் படம் போட்டாள்: '3.6, பாறை மாதிரி நிற்கிறது.' ஜன்னலைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை.

அந்த வாரமே தங்கை மார்யா போன் செய்தாள். அவள் மகள் ஐலா பள்ளி ஐஸ் ஹாக்கி அணியின் கோல்கீப்பர். எல்லைக்கு அப்பால் அமெரிக்காவின் மினசோட்டாவில் ஒரு கல்லூரிப் பயிற்சியாளர் அவள் ஆடுவதைப் பார்க்க வேண்டும் என்றிருந்தார். "மூணு மேட்ச் வீடியோ இருக்குக்கா. வெள்ளிக்கிழமைக்குள்ள டிவிடி அங்க இருக்கணும். உன்கிட்டதான் ராக்கெட் இருக்கே, போட்டுக் குடு."

ராக்கெட் என்ற சொல்லிலேயே தூலா விழுந்துவிட்டாள். ஜன்னலைத் திறந்து வைத்தாள். நாலு மணி நேர வேலை மூன்றுக்குள் முடிந்தது. முதல் ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்த்தாள், கண்ணாடி மாதிரி இருந்தது. அனுப்பிவிட்டாள்.

ஒன்பது நாள் கழித்து மார்யாவுக்குப் பயிற்சியாளரின் கடிதம் வந்தது. இரண்டாவது மேட்சில் பாதிக்கு மேல் படம் முழுக்கப் பச்சைக் கட்டங்கள், ரப்பர் வட்டு எங்கே போகிறதென்றே தெரியவில்லை, வேறு பிரதி உண்டா என்று கேட்டிருந்தார். முப்பத்தெட்டு ஷாட்டை ஐலா தடுத்த மேட்ச் அதுதான்.

மார்யா கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "முழுசாப் பார்த்தியாக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

தூலா அன்றைக்கே பயாஸில் எல்லாவற்றையும் பழைய 2.4-க்குத் திருப்பி, நாலு மணி நேரமும் நாற்காலியை விட்டு எழாமல் மறுபடி டிவிடி போட்டாள். கடைசி விசில்வரை பார்த்து, தானே தபாலில் சேர்த்தாள்.

மறுநாள் ஆர்தர் தெருவில் கம்ப்யூட்டர் பாகம் விற்கும் லார்ன் பாபியாக்கிடம் போய்க் கொட்டித் தீர்த்தாள். கிழவர் அவள் எழுதி வைத்திருந்த எண்களைக் கண்ணாடி வழியாகப் பார்த்தார்.

"மெமரி என்ன வேகத்துல ஓடுது?"

"அதை நான் தொடவே இல்லையே."

"நீ தொட வேண்டாம்மா. பிராசஸரை ஏத்தினா அதுவும் கூடவே ஏறும். நீ போட்ட சோதனை பிராசஸரைத்தான் பிழியும், மெமரியை எட்டிக்கூடப் பார்க்காது. மூணு வாரமா தப்பான ஆளை விசாரிச்சிருக்கே."

"பன்னெண்டு மணி நேரம் நின்னுதே, லார்ன்!"

"ஜன்னலைத் திறந்து வெச்சியா?"

அவள் எண்கள் எழுதிய தாளைப் பிடுங்கிக்கொண்டாள். லார்ன் சிரித்தார். "அப்போ நின்னது ஏரிக்காத்து. உன் மெஷின் இல்ல."

வீட்டுக்கு வந்து, பிராசஸரோடு சேர்ந்து ஏறாதபடி மெமரியின் வேக விகிதத்தைக் குறைத்தாள். மெமரிக்கென்று தனிச் சோதனை, பிராசஸருக்குத் தனி, இரண்டும் சேர்த்து ஒன்று, அதற்கப்புறம் நிஜமான வீடியோ வேலை. எல்லாம் ஜன்னலைச் சாத்திவிட்டு. 3.6 நிற்கவில்லை. 3.5 நிற்கவில்லை. 3.4 பத்து மணி நேரம் நின்று அவளுக்கு ஆசை காட்டிக் கவிழ்த்தது. மவுஸைச் சுவரில் எறிந்தாள், புது மவுஸ் வாங்க வேண்டியதாயிற்று. ஏப்ரல் கடைசியில் 3.2 நின்றது.

மன்றத்தில் போய்த் தன் பழைய படத்தின் கீழே எழுதினாள்: 'இது பொய். மைனஸ் இருபத்தேழில் ஜன்னலைத் திறந்து வைத்தேன். மெமரியைச் சோதிக்கவில்லை. என் எண்களை யாரும் போடாதீர்கள்.' கேலி குவிந்தது. ரெஜைனா என்ற ஊரிலிருந்து ஒருவன் மட்டும், அவளுடைய எண்களைப் போட்டுத் தன் கல்யாண வீடியோ கெட்டுப்போனதாக எழுதியிருந்தான். அவனுக்கு நாலு முறை பதில் எழுத ஆரம்பித்து, கடைசியில் 'மன்னிச்சிடுங்க' என்று மட்டும் அனுப்பினாள்.

மே மாதம் பயிற்சியாளர் ஐலாவுக்கு எழுதினார்: நன்றாக ஆடுகிறாய், ஆனால் இந்த வருடத்துக்கு இரண்டு கோல்கீப்பர்கள் சேர்ந்துவிட்டார்கள். முதல் டிவிடி ஒழுங்காகப் போயிருந்தால் அந்த இருவரில் ஒருத்தி ஐலாவா? தூலாவுக்குத் தெரியவில்லை. சொல்வதற்கும் ஆளில்லை.

"விடுங்க பெரியம்மா," என்றாள், கடைசி வகுப்பு இல்லாததால் மதியமே வந்திருந்த ஐலா. "அடுத்த வருஷமும் அனுப்பலாம்."

"நான் போட்டுத் தரேன்."

"வேண்டாம். எங்க ஸ்கூல்லயே போட்டுக்கறேன்."

கோபமாகச் சொல்லவில்லை அவள். நன்றாக யோசித்துத்தான் சொன்னாள் என்பது தெரிந்தது. தூலா தலையாட்டிவிட்டு, மணி ஒன்றே முக்கால் ஆகிவிட்டதென்று பேருந்துச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.