துவைக்காத சட்டை

தொண்ணூறுகளின் கடைசியில், திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் என் தங்கைக்குத் துணையிருந்தேன். பக்கத்துக் கட்டிலில், வித்துராவுக்கு மேலே தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்யும் ஒரு தமிழ்ப்பெண். மெலிந்த உடம்பு. வெடித்த விரல்களை அடிக்கடி மோந்து பார்த்துக்கொள்வாள். மூன்றாவது கருவும் கலைந்திருந்தது. டாக்டர் ஹார்மோன் கோளாறு என்றாராம்.

"எங்க வீட்டுக்காரரு தேயிலைக்குப் பூச்சிமருந்தடிச்சிட்டு வர்ற சட்டைய நாந்தானக்கா துவைக்கேன்? அந்தத் தண்ணி போற ஓடையில இப்ப ஒரு தவளகூடக் கத்துறதில்ல" என்றாள்.

மறுநாள் அவள் புருஷன் மருந்தடிக்கும் வேலையிலிருந்து நேராக வந்தான். கழற்றிய சட்டையைப் பையில் வைத்திருந்தான். கூடவே தோட்டத்து மலையாளிச் சூப்பர்வைசர், ஆரஞ்சுப் பழங்களோடு.

"மருந்தால ஒண்ணும் வராது கேட்டோ. சும்மா பயப்படாத" என்றார் அவர்.

அவள் எழுந்து உட்கார்ந்தாள். பையிலிருந்த சட்டையை உருவி அவர் கையில் திணித்தாள்.

"அப்ப இத உங்க வீட்டம்மாகிட்ட குடுத்துத் துவைக்கச் சொல்லுங்க சார்."

அவர் சட்டையை உதறித் தரையில் போட்டுவிட்டுக் குழாயடிக்கு ஓடினார்.

அவள் பிறகு பிள்ளை பெற்றாளா, தெரியாது. குழாயடியிலிருந்து அந்தச் சூப்பர்வைசர் நர்ஸிடம் சோப்பு கேட்ட குரலை நினைத்தால் இன்றும் எனக்கு உடம்பு எரிகிறது.